நாற்றம் நின்றால்

ருவைஸ் குடியிருப்பில் சனிக்கிழமை மதியம்
எட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்தோம்.
நாலு பேர் கெமிக்கல், இரண்டு பேர் மெக்கானிக்கல்,
ஒருவர் புதிதாய் வந்த இன்ஸ்ட்ருமென்டேஷன்.
மிச்சம் நான்.

"நீங்க என்ன படிச்சீங்க?"
விஸ்காம் என்றேன்.
ஓ, என்றார் புதியவர்.
அந்த ஓ-வை அளக்க அவரிடமே கருவி இருக்கும்.
பிறகு, சும்மா இருக்கக் கூடாதே என்று,
"சினிமாவுக்குப் போகலியா?"

போகவில்லை.
பாளையங்கோட்டையில் மூன்று வருஷம்
வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தால்
ஒரு முகம் பொய் சொல்லும் என்று படித்தேன்.
அந்தச் சான்றிதழின் முதுகில்
தூதரக முத்திரை வாங்க ஆன செலவு
ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு மேல்.
அடையாள அட்டையின் பின்பக்கம்
என் தொழில்: கிளார்க்.

கிளார்க் பார்த்த வேலையைச் சொல்கிறேன்.

ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாற்றம்.
அளவு கூடினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும்.
அப்புறம் நாற்றம் இருக்காது,
வாயு இருக்கும்.
இதைக் கண்டுபிடிக்க என் படிப்பில் பாடமில்லை.
முத்துவயிரவன் சார் எழுதித் தந்தார்:
"குறிப்பிட்ட செறிவுக்கு மேல்
நுகர்வுணர்வு மழுங்கும் சாத்தியக்கூறு உள்ளது."
ஓர் எழுத்துப் பிழையில்லை.
பல வருஷம் சுவரில் இருந்தது.
அதன் ஆணியில் யாரோ ஹெல்மெட் மாட்டுவார்கள்.

சாரம் கட்டுகிறவர்களின் பஸ்ஸில் ஏறினேன்,
காலை நாலே முக்காலுக்கு.
நாத்தம் நின்னுபோச்சுன்னா என்ன செய்வீங்க?
திருவாடானை சாத்தையா
டிபன் டப்பாவை மடியில் திருப்பி வைத்துச் சொன்னார்:
"நிம்மதியா வேலையைப் பாப்போம்."

ஏசி நன்றாகத்தான் ஓடியது.
எனக்கு வேர்த்தது.

மறுவாரம் மஞ்சள் பலகை. ஒரே வரி.
நாற்றம் நின்றால் ஓடு.
கீழே சின்னதாய்: காற்று வரும் பக்கம்.

நின்றாலா, போனாலா என்று இரண்டு நாள் யோசித்தேன்.
போனது திரும்பி வரலாம் என்று ஆள் காத்திருப்பான்.
மேலாளர் "ஓடவும்" என்று திருத்தினார், மரியாதைக்கு.
உம் போட நேரமிருக்காது சார், என்றேன்.
இந்தி, வங்காளம், மலையாளம், உருது
ஒவ்வொன்றுக்கும் கேன்டீனில் ஆள் பிடித்து
வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன்,
ஒரே மூச்சில் முடிகிறதா என்று.

முத்துவயிரவன் சார் தள்ளி நின்று பார்த்தார்.
"கலர் நல்லா எடுத்திருக்கீங்க."

இதுவரை யாரும் ஓட நேரவில்லை.
ஆகவே நிரூபணம் கிடையாது.
அவர்கள் படிப்பில் அது செல்லாது, தெரியும்.
நேராமலே இருக்கட்டும்.

பாயசம் வந்தது.
செல்வின் சார் மகள் ஜெனிஷா
மூன்று நாளாய் வீட்டில் பேசவில்லையாம்.
பதினொன்றாம் வகுப்புக்கு எந்த குரூப் என்று சண்டை.
"கணக்குல தொண்ணூத்தி நாலு.
அதை வெச்சுக்கிட்டு மாஸ் கம்யூனிகேஷன்ங்கறா.
நீங்களே சொல்லுங்க மேடம்,
அந்தப் படிப்புக்கு மரியாதை இருக்கா?"

எட்டுக் கரண்டியும் சத்தம் நிறுத்தின.
சத்தம் நின்றதும், பழக்கதோஷம்,
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
அடுக்களைக் கதவோரம் அவள்.

இருக்கு என்றால் பொய்.
இல்லை என்றால் ஏழு பேர் நிம்மதியாய்ப் பாயசம் குடிப்பார்கள்.
பேச்சைப் படித்தவளுக்கு
ஒரு சொல் கிடைக்கவில்லை.
பையைத் துழாவி அடையாள அட்டையை எடுத்து
அவளிடம் நீட்டினேன்.
இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தாள்.

"ஆன்ட்டி, இது
எழுத்துப் பிழையா?"