முதல் ஆள்

ஸ்ரான்லி வீதியில் எங்கள் கடைக்குப்
'புதுயுகம் ஹாட்வெயார்' என்று பெயர்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
"முதலாளி, தும்புத்தடி எங்கை?" என்று கேட்டேன்.
தெய்வேந்திரத்தின் முகம் சுருங்கிற்று,
பெருவிரலில் சுத்தியல் விழுந்ததுபோல.
"பிள்ளை, அந்தச் சொல் இந்தக் கடையிலை வேண்டாம்.
தோழர் எண்டு கூப்பிடு."

எழுபத்தொன்பதிலோ எண்பதிலோ
கோண்டாவிலில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில்
பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில்
வகுப்பு எடுத்தவராம்.
கரும்பலகையில் 'முதலாளி' என்று எழுதி
சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு
வட்டத்துக்குக் காலும் சுருட்டும் கீறிவிட்டால்
பெடியள் விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம்.
சொல்லும்போது இப்போதும்
காற்றில் ஒரு தொப்பை கீறிக் காட்டுவார்,
தன் தொப்பைக்குச் சற்று மேலாக.

ஆகவே ஐந்துபேரும் தோழர் என்றோம்.
கெட்ட மனிசன் என்று சொல்லமாட்டேன்.
சீமெந்து இறக்கும் சுவக்கீனின் மகளுக்கு
டெங்கு வந்தபோது
தன் காரிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடியவர்.
அந்த மாதம் சுவக்கீனுக்கு
அரைநாள் வெட்டியவரும் அவர்தான்.

பத்தாம் திகதிச் சம்பளம்
பதினைந்தாகி, இருபத்தெட்டாகி,
பிறகு திகதியே இல்லாமல் போயிற்று.
"தோழர், சம்பளம்..." என்று தொடங்கினால்
வசனம் பாதியில் உடைந்துவிடும்.
தோழரிடம் என்னத்தைக் கேட்பது?
அவர் தன் வங்கிக் கடனைச் சொல்வார்,
நாங்கள் ஆறுதல் சொல்லிவிட்டு வருவோம்.
மற்றச் சொல்லுக்குள் என்றால்
ஒரு லாச்சி இருக்கிறது.
இழுத்தால் சத்தம் கேட்கும்.

சேமலாப நிதிப் படிவத்தில் இன்னொரு சொல்:
தொழில்தருநர்.
அதற்கு நேரே கையெழுத்து இல்லாமல்
மூன்று வருடமாய் மேசைக் கண்ணாடிக்குக் கீழே
மஞ்சளித்துக் கிடக்கிறது படிவம்.
தருநர்.
ஆர் ஆருக்குத் தருவது?
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
காலை எட்டுக்குப் பூட்டுத் திறப்பவள் நான்.
சாமிப்படத்துக்கு ஊதுபத்தி
(தோழருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்),
தண்ணீர் தெளிப்பது, தராசு துடைப்பது.
முதல் ஆள்
என்று இடம் விட்டு எழுதினால் நான்.
இடத்தை அடைத்து
கடைசியில் ஒரு இகரம் வைத்தால் அவர்.

ஐப்பசி மழை. கடைநிறையச் சனம்.
நனைந்த மூடைகளுக்கு நடுவில் நின்று
சுவக்கீன்தான் கத்தினான்:
"முதலாளி! ரெண்டு மாதச் சம்பளம்!"
பைப் அறுத்த வாள் நின்றது.
ஆணி வாங்க வந்த மேசன்
எண்ணிக்கையை விட்டுவிட்டார்.
தெய்வேந்திரம் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார்,
துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.
"எவ்வளவடா வரும்?" என்றார்.
இத்தனை மாதத்தில்
தொகையை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் எங்கள் எல்லோருக்கும்
றோல்ஸ் வாங்கி வந்தார்.
நாங்கள் தோழர் என்றும் சொல்லவில்லை,
மற்றதும் சொல்லவில்லை.
"இஞ்சை பாருங்கோ" என்று கூப்பிட்டு
அந்த வருடத்தை ஒப்பேற்றினோம்.

மார்கழியில் மகளின் பிள்ளைப்பேறுக்கு
ரொறன்ரோ போனார்.
திறப்புக்கொத்து என்னிடம்.
சுழல்கதிரையிலும் நானே,
வேறு கதிரையில் இருந்தால்
லாச்சி எட்டாது.

கொழும்பிலிருந்து கம்பி லொறி வந்தது.
சாரதி தலையை வெளியே நீட்டி
"முதலாளி, எங்கை இறக்கிறது?" என்றான்.
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
சுவர். கலண்டர்.
"பின் வளவுக்கை விடுங்கோ" என்றேன்.
குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

சுவக்கீன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.
அன்றைக்கு அவன் பிந்தி வந்தவன்,
இருபது நிமிடம்.
அவன் பார்க்கமுதலே
கொப்பியில் குறித்திருந்தேன்.