பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது நாலாயிரத்து அறுநூறு டாலர்.
இரண்டு கோடை, ஒரு குளிர்காலம்
மீன் கடையில் செதில் உரித்த காசு.
எண்ணும்போது இன்னும் வாடை வருகிறது.

மார்க்வெட்டில் நர்சிங், இரண்டாம் வருடம்.
பயிற்சிக்குப் போட்ட மருத்துவமனை நாற்பது மைல்.
காலை ஐந்தரைக்குக் கையெழுத்து.
அந்த நேரத்தில் பஸ் கிடையாது.
சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று வரும்,
அது யாரையும் ஏற்றிக்கொள்வதில்லை.

முதலில் பார்த்தது சிவப்பு.
பின்னால் ஓர் இறக்கை. பளபளக்கும் சக்கரம்.
பாட்டுப் பெட்டி மட்டுமே என் அறை வாடகை பெறும்.
டிரென்ட் என்கிற பையன் சாவியைத் திருகினான்;
கேட்டவுடன் உறுமியது.
நான் பானெட்டில் கை வைத்தேன்,
காய்ச்சல் பார்க்கிற பழக்கம்.
சூடு.
நான் வருவதற்கு முன்பே
யாரோ இதை எழுப்பி, முகம் கழுவி,
பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிறுத்துவதுபோல்
நிறுத்தியிருக்கிறார்கள்.
"நாளைக் காலை, ஆறிய பிறகு வரட்டுமா?"
நாளை அவனுக்கு வேலை இருந்தது.
மறுநாளும்.

இரண்டாவது, நெடுஞ்சாலை ஓரத்து வியாபாரியிடம்.
அடிவயிறு முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு.
ஐந்து மாதம் பனிக்கு உப்புக் கொட்டுகிற ஊர் இது.
உப்பிட்ட சாலையை
இரும்பு உள்ளளவும் நினைக்கும்.
மல்லாந்து படுத்து
ஸ்க்ரூடிரைவரால் மெல்லத்தான் குத்தினேன்.
நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
வியாபாரி வானத்தைப் பார்த்தார்.
வானத்தில் ஒன்றுமில்லை.

அன்றிரவு அறைத்தோழி டேசியா
ஒரு தாளில் கூட்டிக் காட்டினாள்:
காப்பீடு, வரி, பதிவு, நம்பர் பலகை.
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்கு என்னிடம் வராதே.
கார் கண்ணில் படும் முன்பே
எழுநூறு டாலர் தூரம் ஓடிவிட்டேன்.

மூன்றாவதற்குக் கதவு ஒன்று வேறு நிறம்.
மற்ற உடம்பு, ஆறி ஆடை படிந்த டீ.
டொயோட்டா. பதினாறு வயது.
ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் மைல்.
பானெட் ஜில்லென்று இருந்தது.
காட்டுப் பாதை வீடுகளுக்குத் தபால் கொடுக்கும்
கொலீன் பெருபே, நான் வாய் திறப்பதற்குள் தொடங்கினாள்:
"பின் இடது கண்ணாடி இறங்காது.
ஹீட்டர் மூன்றிலும் நான்கிலும்தான் ஊதும்.
எண்ணெய் கொஞ்சம் குடிக்கும்.
கதவு, ஒரு மான். தப்பு மானுடையது."
பிறகு ஒரு நோட்டு.
எண்ணெய் மாற்றியது, பிரேக் மாற்றியது,
தேதியும் மைலும், முகவரி எழுதுகிற
அதே நேர்க்கோட்டு எழுத்தில்.

நாலாயிரத்து இருநூறு. குறைக்க மாட்டேன் என்றாள்.
குறைக்கக் கேட்க ஒரு குறை வேண்டுமே;
எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்துவிட்டாள்.

இருந்த மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தை
மேசையில் வைத்தேன்.
குனிந்து மோந்தாள். "மீனா?"
"மீன்தான்."
"எந்தக் கடை?"
சொன்னேன்.
மிச்சம் முன்னூறுக்கு
வெள்ளிதோறும் ஒரு புகைமீன், ஈஸ்டர் முடிய
என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி
கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி. விடியாத நாலே கால்.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
முதல் திருகலில் இருமல்.
இரண்டாவதில் அதைவிடக் குறைந்த இருமல்.
வேண்டிக்கொள்ள யாரும் ஞாபகம் வரவில்லை.
பத்து வரை எண்ணினேன்,
எட்டிலேயே திருகிவிட்டேன்.
பிடித்தது.

அழகு என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.
நானும் சொல்லவில்லை.
வாகன நிறுத்தத்தில் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு வெள்ளி. சாலையோரம் பனி ஒழுகியது.
முன் இருக்கையில் கொலீனுக்கான கடைசி மீன் பொட்டலம்.
பின்னால் கால் நீட்டிக் கிடந்த டேசியா
மூக்கைப் பிடித்துக்கொண்டு
இடது பக்கம் பொத்தானைத் தேடினாள்.

"அது இறங்காது" என்றேன்,
அவள் விரல் தொடும் முன்பே.