ஒரே ஒரு கட்டம்

கந்தம்பட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.
மதியம் மூன்றரை, சர்வர் படுத்துவிட்ட நேரம்.
ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசியும் இறங்கி
டாடா ஏஸில் கயிறு கட்டி
ஒரு மூன்று சக்கரத்தைக் கொண்டுவந்தார்
நாகலூர் சடையப்பன்.
எஸ்டேட் ஏலத்தில் எடுத்த
காபிப் பழம் உரிக்கும் எந்திரத்தோடு
கொசுறாக வந்ததாம்.

சைக்கிளுக்கு இன்னொரு கால் முளைத்த மாதிரி.
பின் அச்சில் ஒற்றைச் சிலிண்டர்,
ஒன்றேமுக்கால் குதிரை.
அந்த முக்கால் குதிரைக்குத் தலை உண்டா என்றார்
பக்கத்து மேசை இளங்கீரன்.

படிவத்தில் ‘தயாரிப்பாளர்’ என்று
ஒரே ஒரு கட்டம்.
பதினான்கு வருடமாக நிரப்புகிறேன்,
ஹீரோ, டிவிஎஸ், ஹீரோ, பஜாஜ், ஹீரோ.
கை தானாக எழுதும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இஞ்சின் வார்ப்பில் ஒரு பெயர், பிரெஞ்சு.
பித்தளைத் தகட்டில் வேறு பெயர், ஜெர்மன்.
தேய்ந்து தேய்ந்து ‘டெல்’ மட்டும் மிச்சம்.
அதன் கீழ் பொடி எழுத்தை
செல்போன் பெயர்த்துச் சொன்னது:
உரிமத்தின் பேரில் கட்டப்பட்டது.

அப்படியானால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவன்
வரைபடத்தை விலைக்கு வாங்கியிருக்கிறான்.
அடுத்தவன் கோட்டின் மேலேயே கோடு இழுத்து
இஞ்சினுக்கு இவ்வளவு என்று எண்ணி அனுப்பியிருக்கிறான்.
மோட்டார் என்றால் ஊரே கதவைச் சாத்திய காலத்தில்
‘நான் செய்தேன்’ என்று சொல்ல
அவனுக்கு ஒரு ரசீது வேண்டியிருந்தது.

பிறகு ரசீது வேண்டாம், சொந்தமாகவே செய்கிறோம் என்று கிளம்பி
கொஞ்ச வருடத்தில் கடையைச் சாத்திவிட்டார்களாம்.
சடையப்பன் மகள் செவ்வந்தி படித்துச் சொன்னாள்,
பரீட்சை முடிவு சொல்கிற குரலில்.

நகல் என்றுதான் எழுத இருந்தேன்.
வால்வு நெம்புகோலின் அடியில்
அரம் இழுத்த ஒரு சாய்வுக் கோடு.
வரைபடத்தில் அது இருந்திருக்காது.
பொருந்தவில்லை;
ஆகவே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு
கால் நூல் அளவு தேய்த்திருக்கிறான்.

“பிஸ்டன் வளையம்?”
“செவ்வாய்ப்பேட்டை துளசிராம் லேத்துங்க.”
“டேங்க்?”
“அதுவும் அவருதான். நம்ம உருக்காலைத் தகடு.”
“யாரைக் கேட்டுச் செய்தார்?”
“யாரைக் கேக்கணும் மேடம்?
ஓட்டையா இருந்துச்சு.”

நாலு பத்துக்கு சர்வர் எழுந்தது.
கட்டத்தைத் தொட்டதும் பட்டியல் சரசரவென்று இறங்கியது.
பிரெஞ்சுக்காரன் இல்லை.
ஜெர்மன்காரன் இல்லை.
அடியில் ‘இதர’ என்று ஒன்று.
அதை அமுக்கி, ‘டெல்’ என்று அடித்தேன்.
குறிப்புப் பகுதியில் துளசிராம் என்று சேர்த்தேன்.
அந்தப் பகுதி அச்சில் வராது.

வெளியே மிதித்தார்கள்.
ஏழாவது மிதிக்கு ஒரு இருமல்,
பதினொன்றாவதுக்கு ஒரு புகை,
அப்புறம் நிற்காத டப் டப் டப்.
எட்டுப் போட வரிசையில் நின்ற பையன்கள்
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள்.

“நானும் எட்டுப் போடணுங்களா?” என்றார் சடையப்பன்.
மூன்று சக்கரத்துக்கு எட்டு கிடையாது.
போடுங்கள் என்றேன்.