தொண்ணூற்று நான்கு

ஐம்பதாயிரம் சீட்டு.
பன்னிரண்டைத் தள்ளி எடுத்தேன்.
கையில் முப்பத்தெட்டு.
மாதவரம் குடோனில் ஊரார் பார்சலை ஏற்றி இறக்கியபடி
மூன்று மாதமாய் மனதுக்குள் நான் பிரித்துப் பிரித்துப் பார்த்த பெட்டி
இதற்குள் வந்தாக வேண்டும்.

வீடு கொருக்குப்பேட்டை,
ரயில்வே கேட்டிலிருந்து ஆறாவது வாசல்.
ஸ்டுடியோ என்று நான் சொன்னால் எப்சிபா சிரிக்கிறாள்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம்.
முதுகுக்குப் பழைய மெத்தை, தலைக்கு மேல் கம்பளி,
துணிக்கொடியில் தொங்குகிறது மைக்.
பாடுகிறவள் அவள்தான்.
வேர்த்து வழிய வெளியே வந்து கேட்பாள்:
"இது ஸ்டுடியோவா, இட்லிப் பானையா?"

கல்யாணங்களுக்கு கீபோர்டு வாசிக்கும் தேவசகாயம்
பதினாறு ஜிபி ராம் இல்லாமல் கிட்டவே போகாதே என்றார்.
"லேப்டாப் மட்டும் வாங்காத, சூட்டுல செத்துரும்" என்றான் இம்தியாஸ்.
அவன் வைத்திருப்பது லேப்டாப்.
எனக்கு ஒரே கணக்கு.
சீலிங் ஃபேனை நிறுத்தி,
கூட்ஸ் வண்டி போய்,
நாய்கள் குரைத்து முடித்து,
தண்ணி லாரி இன்னும் வராத
அந்த நாலு நிமிடத்தில்
பெட்டிக்குள் இன்னொரு ஃபேன் மூச்சு வாங்கக் கூடாது.

பர்மா பஜாருக்குப் பின்னால் மாடியில் கடை.
ஒவ்வொரு பழைய மிஷினிலும் காதை வைத்தேன்.
"இன்னா தம்பி, தர்பூசணியா வாங்க வந்த?"
ஏழாவது, கறுப்பு.
ஓடுகிறதா என்றே தெரியவில்லை.
திரையில் யாரோ விட்டுப்போன ஒரு ஃபைல்:
அமலா, வெர்ஷன் ஏழு.

அமுக்கினேன்.
டிரம்ஸ். பேஸ். வேகம் தொண்ணூற்று நான்கு.
பாட்டு வர வேண்டிய இடத்தில் பாட்டு இல்லை.
எட்டாவது டிராக்கை வாயடைத்து வைத்திருந்தார்கள்.
திறந்தேன்.
ஒருவன் தொண்டையைச் செருமினான்.
"இரு இரு, திரும்ப வரேன்" என்றான்.
அப்புறம் நேர்கோடு.
டிரம்ஸ் மட்டும் அவனுக்காக
முப்பத்திரண்டு பார் நின்று பார்த்து
ஓய்ந்தது.

யார் விற்றது?
"லாட்டுல வந்துச்சு, யாரக் கண்டது.
முப்பத்தொண்ணு குடு, எட்த்துக்கினு போ."
நான் பர்ஸைத் திறப்பதற்குள்
அந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டார்.
"கிராக்கு தம்பி. நாளைக்கு வைரஸ் வந்தா
என் சட்டையத்தான் பிடிப்ப."
ஃபைலை விட்டுவிடச் சொன்னேன்.
ஒருமாதிரி பார்த்தார். விட்டார்.

நிஜ விலைக்கு அந்த சாஃப்ட்வேர் இருபத்தாறாயிரம்.
என்னிடம் மிச்சம் ஏழு,
அதில் ஹெட்போன், இன்டர்ஃபேஸ்,
மாடி ஏற்றிய ஆட்டோக்காரர்.
இம்தியாஸ் பென்டிரைவை நீட்டினான்:
"ஊரே இதுலதான் ஓடுது."
போன வருஷம் இப்படி ஒன்றில்தான்
மூன்றாவது சரணத்தில் பாட்டு உறைந்தது.
எப்சிபா அதை மறக்கவில்லை.
நான் பென்டிரைவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.
இலவசமாய்க் கிடைப்பதை இறக்கினேன்.

குறையொன்றும் இல்லை.
வெட்டுகிறது, ஒட்டுகிறது, அவள் மூச்சை மூச்சாகவே வைக்கிறது.
அமலாவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.
தெரியாத வடிவம், என்கிறது.
முந்நூற்றுப் பதினெட்டு எம்பி.
கொடியில் பக்கத்து வீட்டுச் சட்டை மாதிரி
என் ஃபைல்களோடு கிடக்கிறது.
இடம் போதவில்லை என்று இரண்டு தடவை
என் பழைய பாட்டுகளைத்தான் அழித்தேன்.

நேற்று ராத்திரி ஒன்றரை.
கூட்ஸ் போனதும் எப்சிபா கம்பளிக்குள் நுழைந்தாள்.
"ஸ்பீடு எவ்ளோ?" என்றேன்.
முணுமுணுத்துப் பார்த்தாள், காலால் தட்டினாள்.
"தொண்ணூத்தி நாலு. அதுதான் வாட்டமா இருக்கு."

தொண்ணூற்று ஆறு வைத்தேன்.
ரெண்டு வரி பாடிவிட்டுத் தலையை நீட்டினாள்.
"ஓடுது. ஏன், அதுக்கு இன்னா?"

"அந்த சீட்டுல ஆள் வருது" என்றேன்.