ஆணியில் ஒரு கோப்பை

லெத்தஃபோஹோவிலிருந்து ஓடை வரை மோட்டார் சைக்கிள்.
அதற்கு மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
காப்பித் தோட்டத்து வழியே ஏற வேண்டும்.
பையில் ஸ்டெதாஸ்கோப், சளி டப்பி இரண்டு,
காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி.

கியூபாவில், சியென்ஃபுவேகோஸில், ஆறு வருடம் படித்தேன்.
அதில் பாதி, அடுத்தவர் வீட்டுச் சமையலறையில்.
காலையில் கிளினிக், மதியம் தெருத்தெருவாக வீடுகள்.
தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறதா,
ஃப்ரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது,
மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சு உண்டா,
எல்லாம் ஒரே அட்டையில்.
குடும்பத்துக்கு ஓர் அட்டை, ஆளுக்கு ஓர் எண்.
நலமாயிருப்பவர் ஒன்று, சறுக்க இருப்பவர் இரண்டு,
நோயாளி மூன்று.
"பூஜ்யம் யாருக்கு?" என்று முதல் வாரம் கேட்டேன்.
"கதவைத் தட்டக் கூச்சப்படும் டாக்டருக்கு"
என்றாள் நர்ஸ் யமிலே.

அங்கே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது,
எல்லோரையும் 'மி ஆமோர்', என் அன்பே, என்பது.
நாடு திரும்பிய முதல் மாதம்
ஊசிக்குப் பயந்த ஒரு போலீஸ்காரரை
அப்படிக் கூப்பிட்டுவிட்டேன்.
"ஸ்பானிஷில் 'அடுத்தவர் வரலாம்' என்று அர்த்தம்"
என்று அனாக்லேத்தோ சமாளித்தான்.
இப்போது வரிசையில் நிற்பவர்கள்
"மி ஆமோர்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.

இன்று செலெஸ்தினா. முப்பத்தொரு வயது. காசநோய்.
மாவட்டத்துத் தாளில் ஒரே ஒரு சொல்:
ஒத்துழைக்காதவர்.

முற்றத்தில் நின்றேன்.
அங்கே என்றால் குரல் கொடுத்துக்கொண்டே நுழைந்து
பானை மூடியைத் திறந்திருப்பேன்.
இங்கே கூப்பிடும்வரை நிற்க வேண்டும்.
பிறந்த மலைதான். ஆனாலும் அதை மறந்துபோய்,
மூன்று வீட்டு வாசலில் முகம் சிவந்து
மறுபடி கற்றேன்.

வந்தாள். மாத்திரை எங்கே என்றேன்.
கூரைப் புல்லுக்குள் கைவிட்டு
ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.
பதினேழு நாள் மாத்திரை, ஒன்றுகூடக் குறையவில்லை.
"மூன்று நாள் போட்டேன் டாக்டர்.
சிறுநீர் சிவப்பாய்ப் போச்சு.
இருக்கிற கொஞ்ச ரத்தமும் போய்விட்டால்
சோளத்துக்கு யார் களையெடுப்பது?"

ரத்தமில்லை, அது மருந்தின் நிறம்.
ஒரு வாக்கியம்.
இரண்டு வண்டி மாறி அவள் போன இடத்தில்
அதைச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை.
அந்தத் தாளின் அடியில்
இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

கணவன் காப்பி கொண்டுவந்தான்.
எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர்.
கதவுக்கு வெளியே, ஆணியில்,
நீல எனாமல் கோப்பை ஒன்று தனியே தொங்கியது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
"எனக்கு அதில் ஊற்றுங்கள்."
அவன் அவளைப் பார்த்தான்.
அவள் மண்ணைப் பார்த்தாள்.

காற்றில் பரவும், கோப்பையில் இல்லை,
சன்னலைத் திறந்தே வையுங்கள்,
பிள்ளைகளை வியாழக்கிழமை கூட்டி வாருங்கள் என்று
தேத்தும் பாதி, மாம்பாய் பாதியாகச் சொன்னேன்.
காதில் விழுந்ததோ என்னவோ,
நான் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
சர்க்கரை தாராளம்.

அட்டையில் அவளுக்கு மூன்று என்று எழுதினேன்.
எனக்கு எழுத அதில் கட்டம் இல்லை.

இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன்.
கழுவிய கோப்பை மறுபடி அதே ஆணியில்.
சரி.
சனிக்கிழமை வருவேன். காப்பி கேட்பேன்.