நீலம்

கேத்தியில் தை மாதம்.
கேரட் இலைமேல் கல் உப்பாய் உறைபனி.
ஆய்வக ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான்:
காற்றில் ஒட்டிக்கொண்டு திரியும் இரண்டு நைட்ரஜன் அணுக்களை
இந்தக் குளிரிலேயே பிரித்துக் காட்டு.
மூன்று பிணைப்பு.
தாலிக்கும் மூன்று முடிச்சுதான்,
அதை அவிழ்க்கவாவது கோர்ட் இருக்கிறது.

தொழிற்சாலை நெருப்பில் போட்டு அறுக்கிறது.
நானூற்றைம்பது டிகிரி, இருநூறு மடங்கு அழுத்தம்.
அந்த வெக்கைதான் மூட்டையில் அடைபட்டு
பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறி
போஜன் தோட்டத்தில் யூரியாவாய் இறங்குகிறது.
"பாதி எனக்கு, பாதி ஓடைக்கு" என்பார் அவர்,
சிரிக்காமல்.

அவர் வேலியோரப் பட்டாணியைப் பிடுங்கிப் பார்த்தேன்.
வேரெல்லாம் தினையளவு முண்டுகள்.
நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு,
நம் ரத்தத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.
அதற்குள்ளே நொதி:
ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம்,
நடுவில் எதற்கென்று பிடிபடாத ஒற்றைக் கரி.
நெருப்பில்லை, சத்தமில்லை.
சும்மாவும் இல்லை,
செடி சர்க்கரையாய்க் கூலி அளக்கிறது.

அதைப் பார்த்துக் காப்பியடிக்க எனக்கு நாலு வருடம்.
இரும்பும் கந்தகமும் கலந்து, கரியில் பூசி,
மின்சாரம் கொடுத்து,
பூசியது உதிர்ந்து, மறுபடி பூசி.

நேற்று சாயங்காலம் குழாயில் நீலம் வந்தது.
அம்மோனியா இருந்தால் மட்டுமே வரும் நீலம்.
ஃபசீலா கத்திய கத்தலில்
வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடிவந்தார்.
மூவரும் டீ குடித்தோம். அவருக்கு விளக்கினேன்.
"அப்போ இனி யூரியா மலிவா?" என்றார்.

ராத்திரி ஒன்பதுக்கு மற்றக் குழாயைப் பார்த்தோம்.
நைட்ரஜனே இல்லாமல் ஆர்கான் மட்டும் ஊதியது.
அதுவும் நீலம்.
அதே நீலம்.

எங்கிருந்து வந்தது? கையுறையா,
எங்கள் மூச்சா,
ஜன்னல் இடுக்கில் நுழைந்த
போஜன் வீட்டு மாட்டுக்கொட்டகையா?
உலகம் முழுக்க அம்மோனியா இருக்கிறது,
நான் செய்தது மட்டும் இல்லை.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: இல்லை.
அடிக்கோடு ஃபசீலா போட்டாள்,
பேனா தாளைக் கிழிக்கும்வரை.
நாளை எல்லாக் குழாயையும் அமிலத்தில் கழுவ வேண்டும்.

விளக்கை அணைத்த பிறகு நினைவு வந்தது,
மேசைமேல் ஈரத்துணியில் சுற்றிய பட்டாணி வேர்.
பிடுங்கி ஆறு மணிநேரம்.
இந்தக் குளிரில் மெதுவாகத்தான் இருக்கும்,
ஆனாலும் இன்னும்
ஒன்றிரண்டு முடிச்சு
அவிழ்த்துக்கொண்டிருக்கலாம்.