முப்பதில் ஒன்று

கோக்-சாய் அணையில் என் அறைக்கு ஒரே சன்னல்.
பாதி கான்கிரீட், பாதி பனிமலை.
காலை எட்டுக்கு அளவுகோலைப் பார்க்கிறேன்:
எண்ணூற்று எழுபத்தொரு மீட்டர், முப்பது சென்டி.
எழுதுகிறேன். தேநீர் ஊற்றுகிறேன்.

தோருகார்ட் கணவாயிலிருந்து தாலந்தின் குறுஞ்செய்தி:
"முன்னால் அறுபத்திரண்டு லாரி."
அவன் வண்டியில் பன்னிரண்டு டன் கழுவாத கம்பளி.
மாலையில் மறுபடி:
"முன்னால் அறுபது."

என் தம்பிக்கும் இந்த ஏரிக்கும்
ஒரே சமன்பாடு.
வருவது தன் இஷ்டத்துக்கு வருகிறது.
போவது வாசல் விடுகிற வேகத்தில் போகிறது.
நடுவில் தேங்குவதற்கு
இங்கே மின்சாரம் என்று பெயர்,
அங்கே கெட்ட வார்த்தை.

"நாளுக்கு நாற்பது வண்டி வருது,
நாற்பதைத்தானே விடுறாங்க, அக்கா?
பிறகெப்படி வரிசை?"
அதனால்தான் வரிசை, தாலந்த்.
வரவும் செலவும் இம்மி பிசகாமல் சமமானால்
வரிசைக்கு வால் முளைத்துக்கொண்டே போகும்.
வாசல் அவ்வப்போது சும்மா நிற்க வேண்டும்.
அந்தச் சும்மாவில்தான் ஊர் மூச்சு விடுகிறது.
"காவலன் சும்மாதான் இருக்கான்,
சீட்டு விளையாடுறான்."
அது வேறு கணக்கு.

அணைக்கு இரண்டு சுவர் உண்டு.
ஒன்று தெரியும்: மேலே, வழியுமிடம்.
இன்னொன்று அடியில், சேற்றுக்குள்,
பிப்ரவரியில் விளக்குகள் அணையும்போதுதான் தெரியும்.
இரண்டுக்கும் நடுவே நீர்
குடித்தவன் சந்தில் நடப்பதுபோல் நடக்கிறது.
எந்தச் சுவரில் முதலில் முட்டும்?
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

ஐம்பத்தெட்டு வருட நோட்டுகள் அலமாரியில்.
தொண்ணூற்று மூன்றில் மட்டும் பதினொரு மாதம் வெற்று.
சம்பளம் நின்றுபோய்
அளப்பவர் சந்தையில் பேட்டரி விற்றாராம்.
ஆறு ஓடித்தான் இருக்கும்.
எவ்வளவு என்று அதற்கே தெரியாது.

பிஷ்கெக்கிலிருந்து ஓமுர்பெக் கூப்பிட்டார்.
"மே மாதம் வழியுமா, வழியாதா?"
"முப்பதில் ஒன்று."
"அது பதிலா, பெர்மெத்?"
"முப்பது மே மாதம் கொண்டுவாருங்கள்,
ஒன்றில் வழிவதைக் காட்டுகிறேன்."
அவரிடம் இருப்பது ஒரே ஒரு மே.
என்னிடமும் அதேதான்.
படிவத்தில் இரண்டு கட்டம்: ஆம். இல்லை.
'இல்லை'யில் குறியிட்டேன்.
கை நடுங்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

கீழே ஊச்-புலாக்கில் உருளைக்கிழங்கு நடுகிறார்கள்,
ஆற்றின் விளிம்புவரை.
பள்ளிக்கூடச் சமையல்காரி குல்சாராவின் எண் மட்டும்
என்னிடம் இருந்தது.
"கடைசி நாலு வரிசையை மேலே தள்ளி நடச் சொல்."
"வெள்ளம் வருமா?"
"வராது."
"பிறகு?"
முப்பதில் ஒன்றை
உருளைக்கிழங்கு பாஷையில் எப்படிச் சொல்வது?
"விதையைப் பாதி வீட்டில் வைத்துக்கொள்" என்றேன்.
அவளுக்குப் புரிந்துவிட்டது.
அமைச்சகத்துக்கு இன்னும் புரியவில்லை.

நான்காம் இரவு தாலந்த்:
"மூணு நாள் நின்னாச்சு. இனி சீக்கிரம்தானே?"
நீ நின்ற நாளை வாசல் கணக்கில் வைப்பதில்லை,
இப்போது வந்து நிற்பவன்போலத்தான்
ஒவ்வொரு நிமிடமும் உன்னைப் பார்க்கிறது
என்று எழுதினேன்.
அழித்தேன்.
"ஆமாம், சீக்கிரம்" என்று அனுப்பினேன்.
பதினெட்டு வருடத் தொழிலில்
நான் சொன்ன முதல் உறுதியான முன்கணிப்பு.

விடியுமுன் மழை. பனிமேல் மழை,
எந்த நோட்டும் விரும்பாத மழை.
"முன்னால் மூணு" என்று ஒரு செய்தி, நாலு மணிக்கு.
அப்புறம் ஒன்றுமில்லை.
எல்லை தாண்டியிருப்பான்.
பேட்டரி தீர்ந்திருக்கும்.
மறுபடி கதவைச் சாத்தியிருப்பார்கள்.
மூன்றுக்கும் எண் போட என்னால் முடியும்,
போடவில்லை.

எட்டு மணி.
எண்ணூற்று எழுபத்திரண்டு மீட்டர், நாலு சென்டி.
எழுதுகிறேன்.
தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது.